பிடி கொடுக்காத துப்பாக்கி



இந்தத் தடவை தலைப்பு கொஞ்சம் வில்லங்கமானது. துப்பாக்கி. அதிலும் ரிவால்வர். அதிலும் ரிவால்வரின் கைப்பிடி! கம்பைநல்லூர்ப் பையனுக்கும் ரிவால்வர் கைப்பிடிக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. பாதிக்கு மேல் வந்தால் தெரியும்.

டிஸ்கி: என்னிடம் துப்பாக்கி கிடையாது. வாங்கும் எண்ணமும் இல்லை. நான் தொட்டிருக்கும் ஒரே துப்பாக்கி, என்.சி.சி. கேம்ப்பில் தரையில் படுத்துக்கொண்டு சுட்ட .22 ரைஃபிள். அது உதைக்கவே உதைக்காது. தோளில் யாரோ விரலால் தட்டிய மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதனால் கீழே வரும் பெரிய ரிவால்வர் சமாச்சாரம் எல்லாம் படித்ததும், கணக்குப் போட்டுப் பார்த்ததும்தான். கணக்கு மட்டும் என்னுடையது. தப்பு இருந்தால் ஃபிசிக்ஸ் மேஜர் நண்பர்கள் திருத்தலாம்.

வகுப்பில் ஒரு நண்பன் கேட்ட கேள்வியில் ஆரம்பித்தது இது. ஒரு அமெரிக்கக்காரர் பெரிய ரிவால்வரைச் சுட, அது எகிறி அவர் நெற்றியிலேயே அடிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, நல்ல ரப்பர் பிடியா வாங்கி மாட்டிக்கிட்டா வலிக்காது இல்ல?" என்றான். கேட்க ரொம்ப நியாயமாக இருக்கிறது. பதில் அவ்வளவு சுலபமாக இல்லை.

நம்மூர் ரிவால்வர்

நமக்கெல்லாம் ரிவால்வர் என்றால் சினிமாதான். ஜெய்சங்கர் ஒரு கையால் சுடுவார், கை அசையாது, தொப்பி நகராது. சினிமாவுக்கு வெளியே என்றால் 1967 ஜனவரி 12, எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்ட வழக்கு. அதைத் தாண்டி ரிவால்வர் பற்றி நம் வீடுகளில் பேச்சே கிடையாது.

இந்தியாவில் லைசென்ஸ் உள்ள சாதாரண ஆள் வைத்திருக்கும் ரிவால்வர் பெரும்பாலும் .32 தான். ராணுவமும் போலீசும் பயன்படுத்துகிற .38, .455, 9 மி.மீ. போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிற விஷயம் இது. அந்த .32 ரிவால்வரை அரசாங்கத் தொழிற்சாலையே கான்பூரில் செய்கிறது. பழைய வெப்லி அண்ட் ஸ்காட் ரிவால்வரைப் பார்த்துச் செய்தது. நடுவில் மடக்கித் தோட்டா போடுவார்கள், ஆறு தோட்டா. எடை ஏறக்குறைய 700 கிராம். தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ரிசல்ட் எல்லாம் வந்த பிறகு திரும்ப வாங்கி வருவார்கள். நம்மூர் ரிவால்வர் அதிகமாகப் பயணம் போவது அப்போதுதான் என்று நினைக்கிறேன் :)

இந்த .32 பெரிதாக உதைக்காது. ஆனால் அமெரிக்காவில் விற்கும் .44 மேக்னம் உதைக்கும். எவ்வளவு உதைக்கும் என்று பார்க்க நமக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகம் போதும். உந்த அழிவின்மை விதி ஞாபகம் இருக்கிறதா? எடுத்துக்காட்டாக வருவதே துப்பாக்கியின் பின்னியக்கம்தானே. ஐந்து மார்க் கேள்வி!

கணக்கு

.32 தோட்டாவின் குண்டு சுமார் 6.3 கிராம். வேகம் விநாடிக்கு சுமார் 215 மீட்டர். பெருக்கினால் உந்தம் 1.35. இதோடு மருந்து எரிந்து வெளியே பாயும் வாயுவின் உந்தத்தையும் தோராயமாகச் சேர்த்தால் 1.55 வருகிறது. இதை 700 கிராம் எடையுள்ள ரிவால்வருக்குக் கொடுத்தால், அது விநாடிக்கு 2.2 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். ஆற்றல் 1.7 ஜூல். அதாவது, ரிவால்வரை ஒரு சாண் உயரத்திலிருந்து உள்ளங்கையில் போட்ட மாதிரி. பரவாயில்லை, தாங்கலாம்.

அடுத்தது .44 மேக்னம். 1950களின் நடுவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியும் ரெமிங்டன் கம்பெனியும் சேர்ந்து கொண்டுவந்த தோட்டா. இதைச் சுடும் ரிவால்வருக்குப் பிற்பாடு மாடல் 29 என்று பெயர் வந்தது. 1971ல் வெளிவந்த 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் இருப்பது அதுதான். குண்டு 15.5 கிராம், வேகம் 425 மீட்டர். வாயுவையும் சேர்த்தால் உந்தம் சுமார் 8.5. ரிவால்வர் எடை 1.33 கிலோ. பின்னால் வரும் வேகம் 6.4 மீட்டர். ஆற்றல் 27 ஜூல். நம்ம .32ஐ விடப் பதினாறு மடங்கு! ஒன்றேகால் கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து உள்ளங்கையில் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

இன்னும் முடியவில்லை. 2003ல் அதே கம்பெனி, அதே .44 மேக்னத்துக்கு, ஸ்காண்டியம் கலந்த அலுமினியத்தில் ஒரு லேசான ரிவால்வர் செய்தது. கரடி உலவும் காட்டுக்குள் நடப்பவர்கள் இடுப்பில் கனம் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்று வாங்கினார்கள். எடை வெறும் 710 கிராம். நம்ம .32 எடைதான். அதே 8.5ஐ இதற்குக் கொடுங்கள். வேகம் 12 மீட்டர். ஆற்றல் 51 ஜூல். இரண்டு மாடி உயரத்திலிருந்து அதைக் கையில் போட்டுக்கொள்கிற மாதிரி. ஒரு தடவை இல்லை, ஆறு தடவை.

இந்த மாடலின் பெயர் என்ன தெரியுமா? 329 பி.டி.! சத்தியமாக நான் வைத்த பெயர் இல்லை. "பிடி" என்று பெயர் வைத்துவிட்டுப் பிடிக்கவே முடியாதபடி செய்திருக்கிறார்கள்.

கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? எங்கேயும் கைப்பிடி வரவே இல்லை. குண்டு எடை, மருந்து எடை, ரிவால்வர் எடை. மூன்றும்தான். மரப்பிடி போட்டாலும் ரப்பர் பிடி போட்டாலும் தங்கத்தில் போட்டாலும் 8.5 என்பது 8.5தான்.

அப்படியானால் பிடி என்னதான் செய்கிறது? மூன்று வேலை. ஒன்று, வருகிற உதை கையில் எந்த இடத்தில் விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டு, எவ்வளவு பரப்பில் விழும். மூன்று, எவ்வளவு நேரத்தில் விழும். உதையைக் குறைக்காது. பங்கு பிரித்துக் கொடுக்கும். பந்தைக் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோமே, அதே கதை.

கிரிக்கெட் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. மட்டையில் ஒரு ரப்பர் கிரிப்புக்கு மேல் இன்னொரு கிரிப் ஏற்றிக்கொள்ளும் ஆட்கள் ஒவ்வொரு டீமிலும் ஒருத்தராவது இருப்பார்கள். பந்து மட்டையின் அடியில் பட்டால் கை "ஜிவ்வ்"வென்று அதிரும். அதற்குப் பயந்து தடியாக்குவார்கள். தடித்த பிறகு கைக்குள் அடங்காது, அதனால் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள், அதிர்வு இன்னும் நன்றாக ஏறும். ரிவால்வர் பிடியிலும் அச்சு அசல் இதே கூத்துதான் நடக்கிறது.

கடையில் வாங்கி மாட்டும் பிடிகளின் பிரச்சினைகள்

அமெரிக்காவில் இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. பாக்மயர், ஹோக் இரண்டும் பிரபலம். இரண்டும் முக்கியமாக ரப்பர். இதுபோக மரத்தில் கடைந்து தருகிறவர்கள் நிறையப் பேர். பொருள் தரமில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் வாங்கி மாட்டியவர்கள் பலர் ஒரே மாதிரிப் புலம்புகிறார்கள். வரிசையாகப் பார்க்கலாம்.

1) விரல் எட்டாமல் போவது.

ரிவால்வர் பிடியின் முதுகுப் பக்கம், அதாவது உள்ளங்கையில் அழுந்தும் பக்கம், இரும்புப் பட்டை இருக்கும். சில ரப்பர் பிடிகள் இந்தப் பட்டையை மூடிவிடும். உதை விழுவது அங்கேதான் என்பதால் அங்கே மெத்தை வைப்பது நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் அரை அங்குலம் மெத்தை வைத்தால் ட்ரிக்கர் அரை அங்குலம் தள்ளிப் போய்விடுகிறது. விரல் எட்டவில்லை. என்ன செய்வார்கள்? கையைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிப் பிடிப்பார்கள். இப்போது குழல் முழங்கையோடு நேர்க்கோட்டில் இல்லை. உதை உள்ளங்கைச் சதையில் விழாமல் கட்டைவிரலின் அடி மூட்டில் விழும். மெத்தை வைத்த பிறகு வலி அதிகமாவது இப்படித்தான். குட்டையான விரல்காரர்களுக்கு இது தலையாய பிரச்சினை.

2) விரல் பள்ளம்.

பிடியின் முன்பக்கம் மூன்று விரலுக்கு மூன்று பள்ளம் வைத்திருப்பார்கள். கடையில் கையில் எடுத்தால் "ஆகா, எனக்கே செய்தது!" என்று தோன்றும். பள்ளம் யாருடைய விரலுக்கு? கம்பெனி மனதில் நினைத்த ஒரு சராசரி ஆளுடைய விரலுக்கு. உங்கள் விரல் கொஞ்சம் தடிமனாகவோ மெலிதாகவோ இருந்தால் பள்ளத்துக்குப் பதில் மேட்டின் மேல் உட்காரும். .32ல் தெரியாது. .44ல் அந்த மேடு ஒவ்வொரு தடவையும் விரல் எலும்பில் முட்டும்.

3) நடுவிரல் அடி.

ட்ரிக்கரைச் சுற்றி வளையம் இருக்கிறதல்லவா? அதற்குப் பின்னால், பிடி ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு இடைவெளி. மெல்லிசான பிடி போட்டால் நடுவிரல் அந்த இடைவெளிக்குள் ஏறி உட்காரும். சுட்டதும் வளையத்தின் பின்பக்கம் வந்து விரல் முட்டியில் ஒரு போடு போடும். இந்த இடைவெளியை அடைப்பதற்கென்றே சின்ன உலோகத் துண்டுகளை ரொம்ப காலமாக விற்கிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று மெல்லிய மரப்பிடிக்கு மாறுகிறவர்களுக்கு இந்த அடி திரும்ப வரும்.

4) உருள வேண்டியது உருளாமல் போவது.

எனக்கு மிகவும் பிடித்த சமாச்சாரம் இதுதான். 1873ல் கோல்ட் கம்பெனி செய்த ரிவால்வர், அதாவது கௌபாய் படங்களில் வருகிற அந்த வளைந்த கைப்பிடி ரிவால்வர். ஏர்க்கலப்பையின் மேழி மாதிரி வளைந்திருக்கும். அமெரிக்கர்களும் அதைக் கலப்பைப் பிடி என்றுதான் சொல்கிறார்கள். வழவழப்பான மரம். சுட்டால் பிடி கைக்குள்ளேயே மேல்நோக்கி உருளும். குழல் வானத்தைப் பார்க்கும். நேராகப் பின்னால் வரவேண்டிய வேகத்தில் ஒரு பங்கு சுழற்சியாக மாறிவிடும். நேரமும் நீளும். கை தப்பித்தது.

இந்த உருளலைப் பிரச்சினை என்று நினைத்து, "கை வழுக்குது, ஒட்டுற மாதிரி ரப்பர் வேணும்" என்று மாற்றுகிறார்கள். ரப்பர் ஒட்டிக்கொள்கிறது. உருளவில்லை. சுழலாத உதை நேராக மணிக்கட்டுக்கும் கவட்டைக்கும் போகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள மெல்லிய தோலை ரப்பர் இழுத்துக்கொண்டும் போகும். ரூகர் கம்பெனியின் சூப்பர் பிளாக்ஹாக் ரிவால்வரின் பழைய அமைப்பில் ட்ரிக்கர் வளையத்தின் பின்பக்கம் சதுரமாக இருக்கும், அது நடுவிரலைப் பதம் பார்க்கும். வழுக்கலை நிறுத்தப் போய் விரலைக் காயப்படுத்திக்கொண்டவர்கள் உண்டு.

புதிய வகை ரிவால்வர்களில் நிலைமை வேறு. பிடியின் மேற்புறம் ஒரு திமில் இருக்கும். கை அதற்கு மேல் ஏறாது. உருளவும் விடாது. அதற்கு ரப்பர் பொருந்தும். ஆக "ரப்பர் நல்லதா மரம் நல்லதா" என்ற கேள்வியே அரைகுறையானது. எந்தத் துப்பாக்கிக்கு, எந்தக் கைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

5) அழகான மரம்.

மாடல் 29ன் ஒரிஜினல் மரப்பிடி பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மேலே ஒல்லியாக, கீழே போகப் போக அகலமாக இருக்கும். நம் கையில் கீழே இருப்பது சுண்டுவிரல். இருப்பதிலேயே வலுக்குறைந்த, குட்டையான விரல். அதற்கு இருப்பதிலேயே தடித்த பகுதியைக் கொடுத்திருக்கிறார்கள்! போதாததற்குப் பக்கத்தில் சின்னச் சின்ன வைரமாகச் செதுக்கிய சொரசொரப்பு. வழுக்காமல் இருக்க. பத்துத் தோட்டா சுட்டால் தேங்காய் துருவியில் கையை வைத்த மாதிரி ஆகுமாம். அதனால்தான் பலர் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கடைப்பிடிக்குப் போனார்கள். கடைப்பிடியில் மேலே சொன்ன நான்கு பிரச்சினைகள்.

6) சில்லறைப் பிரச்சினைகள்.

இடது பக்கம் தடித்திருந்தால் ஆறு தோட்டாவையும் ஒரே அமுக்கில் போடும் ஸ்பீட் லோடர் இடிக்கும். காலித் தோட்டாக்கூடும் வெளியே விழாமல் சிக்கும். திருகு தளரும். பிடி கொஞ்சம் ஆட ஆரம்பித்தால், அடியில் இருக்கும் சின்ன ஊசி மரத்தைப் பிளக்கும். ரப்பர் சட்டைத் துணியில் ஒட்டிக்கொண்டு, இடுப்பில் இருக்கிறது என்று ஊருக்கே காட்டிக்கொடுக்கும். மே மாதத்து தர்மபுரி வெயிலில் இது என்ன ஆகும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். வியர்வையில் மரம் வழுக்கும், ரப்பர் பிசுபிசுக்கும். தேர்வு உங்கள் கையில் :)

329 கதை எப்படி முடிந்தது

அந்த லேசான ரிவால்வரை வாங்கியவர்கள் பலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதே 2003ல் அதே கம்பெனி .500 மேக்னம் என்று இன்னும் பெரிய ஒன்றைச் செய்தது. இரண்டு கிலோ எடை. அதற்கு ஹோக் கம்பெனி செய்து கொடுத்த பிடியில் முதுகுப் பக்கம் சோர்போத்தேன் என்ற பொருளை வைத்திருந்தார்கள். அது ரப்பர் மாதிரி அமுங்கும், ஆனால் ரப்பர் மாதிரி உடனே துள்ளித் திரும்பாது. ரிவால்வர் இரண்டும் அளவில் வேறு வேறு என்றாலும் பிடி மாட்டும் இடம் ஒன்றுதான். கழற்றி இதில் மாட்டினார்கள். பொருந்தியது. "இப்போ சுட முடியுது" என்றார்கள். கவனியுங்கள், "வலிக்கவில்லை" என்று சொல்லவில்லை. சுட முடிகிறது, அவ்வளவுதான்.

அதுவும் பெரிய கை உள்ளவர்களுக்கு. சின்னக் கைக்காரர்களுக்கு முதல் பிரச்சினை, அதாவது விரல் எட்டாதது, அப்படியே நின்றது. அவர்கள் தோட்டாவில் மருந்தைக் குறைத்தார்கள். என் கணக்கில் உள்ள 8.5ஐயே குறைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் உண்மையான தீர்வு அதுதான்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு குட்டி உதாரணம் உண்டு. 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைக் கான்பூரில் வெளியிட்டார்கள். டைட்டானியம் கலவை. 500 கிராம். விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்! பெண்களுக்கு என்றதும் எடையைத்தான் முதலில் குறைத்திருக்கிறார்கள். எடையைக் குறைத்தால் உதை கூடும் என்று ஐந்து மார்க் கேள்வியிலேயே இருக்கிறது. 1.7 ஜூல் 2.4 ஆகிறது. .32 என்பதால் தாங்கும். ஆனாலும் கை சின்னது என்றால் பிடியையும் ட்ரிக்கர் தூரத்தையும் அல்லவா முதலில் யோசிக்க வேண்டும்? 2023ல் வந்த 'பிரபல்' ரிவால்வரில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும்படி செய்தார்கள். எடை திரும்ப 700 கிராம் பக்கம் வந்துவிட்டது.

இனி நம்மூர்

என் அப்பா கல்குவாரியில் வேலை செய்கிறார். சம்மட்டி அடிப்பவர். இதை நான் இங்கே எழுதியதில்லை. எழுதக்கூடாது என்று எதுவும் இல்லை, சந்தர்ப்பம் வரவில்லை.

கல் உடைக்கிற சம்மட்டிக்கு எங்கள் பக்கத்தில் மூங்கில் காம்பு போடுவார்கள். வளையும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, இவ்வளவு கனமான இரும்பை இந்த ஒல்லிக் காம்பு எப்படித் தாங்கும் என்று பயமாக இருக்கும். அப்பா ஓங்கி இறக்கும்போது காம்பு வில் மாதிரி வளைந்து போய் இறங்கும். கல்லில் பட்டதும் இரும்பு துள்ளும், காம்பு அந்தத் துள்ளலை விழுங்கிக்கொள்ளும். கலப்பைப் பிடி ரிவால்வர் கைக்குள் உருளுகிறதே, அதே வேலை.

போன வருடம் குவாரி மேஸ்திரி, காம்பு அடிக்கடி உடைகிறது என்று, சம்மட்டிகளுக்கெல்லாம் ஜி.ஐ. பைப்பை வெல்டிங் வைத்துக் கொடுத்துவிட்டார். கை வலிக்கும் என்று யாரோ சொல்ல, பைப்பின் மேல் சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கொடுத்தார். பார்க்க ஜம்மென்று இருந்தது. உடையவே உடையாது. ரப்பர் பிடி வேறு!

மூன்றே வாரம். அப்பாவுக்கு ராத்திரியில் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. தூக்கத்தில் எழுந்து கையை உதறிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். காலையில் சட்டை பட்டன் போடுவதற்கு அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ட்யூப் சுத்தியிருக்காங்களேப்பா, அப்புறமும் ஏன்?" என்று கேட்டேன்.

"ட்யூப் சுத்தினா பைப்பு மூங்கிலாயிடுமா கண்ணு? அடிய கல்லு தாங்கணும். காம்பு தாங்கணும். கை தாங்கக்கூடாது" என்றார்.

ஒட்டும் ரப்பருக்கும் உருளும் மரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நாலு நாள் படித்துப் புரிந்துகொண்டேன். அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1918ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்ட் என்ற ஊரில், சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளிகளின் கைகளை ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் பரிசோதித்தார். காற்றழுத்தத்தில் ஓடும் சுத்தியல் அங்கே பழக்கத்துக்கு வந்திருந்தது. குளிர் நாட்களில் அவர்களுடைய விரல்கள் வெள்ளை வெளேரென்று ஆகி மரத்துப்போயின. அதிலும் உளியைப் பிடிக்கும் இடது கை விரல்கள்தான் அதிகம். தொழில் நோய் பற்றிய புத்தகங்களில் இன்றும் சொல்லப்படும் ஆய்வு அது. இன்றைக்கு நம்மூர்க் குவாரிகளில் கம்ப்ரசரில் ஓடும் டிரில்லிங் மெஷின் பிடிப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அந்த மெஷினின் கைப்பிடியிலும் ட்யூப் சுற்றுவார்கள். மெல்லிய ரப்பர் வேகமான, நுணுக்கமான அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். பாறை துளைக்கும் மெஷினின் கனத்த, மெதுவான அதிர்வை அப்படியே கைக்கு அனுப்பிவிடும். அதிர்வு தடுக்கும் என்று விற்கும் கையுறைகளிலும் இதே குறை உண்டு. கையுறை தடித்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அதிர்வு இன்னும் ஏறும். கிரிக்கெட் மட்டையில் பார்த்த அதே கதை.

ரிவால்வர்காரருக்கு வலித்தால் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆறு தோட்டாதானே. குவாரியில் ஒரு நாளைக்கு எத்தனை அடி என்று யாரும் எண்ணுவதில்லை. அதனால்தான் பிடி யாருடைய கைக்கு, யார் தேர்ந்தெடுப்பது என்பது எனக்குத் துப்பாக்கி ரசிகர்களின் பொழுதுபோக்குக் கேள்வியாகத் தெரியவில்லை. காம்பு உடைந்தால் மேஸ்திரிக்குச் செலவு. கை போனால் யாருக்குச் செலவு?

சரி, என்னதான் செய்வது?

நண்பனுக்கு நான் சொன்ன பதிலைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். ரிவால்வருக்கு மட்டும் இல்லை, அரிவாள், மண்வெட்டி, மட்டை எல்லாவற்றுக்கும் இது ஓரளவு பொருந்தும்.

முதலில் உதையையே குறைக்க முடியுமா பார். குறைந்த மருந்து, அதிக எடை. முடிந்தால் பிடி மாற்றவே தேவையிருக்காது.

அடுத்தது எங்கே வலிக்கிறது என்று பார். "கை வலிக்குது" என்று மொத்தமாகச் சொல்லாதே. நடுவிரல் முட்டியா, கட்டைவிரல் அடியா, கவட்டையா, மணிக்கட்டா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

மூன்றாவது, அளவு. பிடித்துக்கொண்டு விரலை நீட்டினால், கையைத் திருப்பாமல் எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் அது எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் உனக்கானது இல்லை.

நான்காவது, அந்தப் பொருள் உருள்வதற்காகச் செய்ததா, நிற்பதற்காகச் செய்ததா என்று தெரிந்துகொள். வளைகிற காம்பை விறைப்பாக்காதே, உருள்கிற பிடியை ஒட்ட வைக்காதே.

கடைசியாக, கடையில் கையில் எடுத்ததும் சுகமாக இருப்பதை நம்பாதே. சுகம் தெரிவது முதல் நிமிடத்தில், பொருத்தம் தெரிவது ஐம்பதாவது அடியில்.

அப்பா இப்போது சொந்தக் காசில் மூங்கில் காம்பு வாங்கி, தானே ஆப்பு அடித்துச் செருகி, தனக்கென்று ஒரு சம்மட்டி வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் வீட்டுக்கே எடுத்து வந்துவிடுகிறார். ஆறு மாதம் ஆகிறது. ராத்திரி மரப்பு குறைந்திருக்கிறது. போய்விடவில்லை. பட்டன் அவரே போட்டுக்கொள்கிறார். கூட வேலை செய்யும் இரண்டு பேர் அவரைப் பார்த்து மூங்கிலுக்கு மாறியிருக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் பைப்தான்.

பி.கு: குவாரி, பட்டறை, தறி என்று வேலை செய்பவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், ராத்திரி கை மரத்துப்போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ஆமாம் என்றால், கையோடு சேர்த்து அவர்கள் பிடிக்கும் காம்பையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள்.